கண்டிப்பான கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள்: ஒன்று ஆட்டம், இல்லாவிட்டால் பயமா?

கேள்வி இதுதான்: "நான் கல்யாணம் செய்யப்போகிற பெண் ரொம்பக் கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர். தினமும் குடும்ப ஜெபம், சினிமா கிடையாது, மது என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்படி வளர்ந்தவர்கள் வீட்டை விட்டு வெளியே வந்ததும் ஒன்று எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிட்டு ஆடுவார்கள், இல்லாவிட்டால் கடைசிவரை பயந்து பயந்தே வாழ்வார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?"

கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் உங்கள் நண்பர்கள் கைகாட்டும் இடத்தில் இல்லை. வீட்டில் கண்டிப்பு இருந்தது என்பதை மட்டும் வைத்து ஒருவர் முப்பது வயதில் எப்படி இருப்பார் என்று சொல்ல முடியாது. அந்தக் கண்டிப்பை யார் நடத்தினார்கள், எந்த முகத்தோடு நடத்தினார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பது தெரிந்தால் ஓரளவு சொல்லலாம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள்தான் நானும். இதைப் பற்றி வந்த ஆய்வுகளையும் தொடர்ந்து படித்து வருகிறேன், அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும். ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. அங்கேதான் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து கேட்டிருக்கிறார்கள்.

முதலில் நண்பர்கள் சொல்வதையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தப் பெண் ஒரு கிளாஸ் வைன் குடித்தால், "பார், அடக்கி வைத்தார்கள், இப்போது வெடிக்கிறது" என்பார்கள். குடிக்காவிட்டால், "பார், மூளைக்குள்ளேயே ஏற்றிவிட்டார்கள்". 22 வயதில் கல்யாணம் செய்தால் சபையின் அழுத்தம், 35 வரை செய்யாவிட்டால் சபை உண்டாக்கிய பயம். நாலு பிள்ளை பெற்றால் வளர்ப்பு அப்படி, பிள்ளையே வேண்டாம் என்றால் வளர்ப்பின் மேல் வெறுப்பு. எப்படி நடந்தாலும் பலித்துவிடுகிற ஜோசியம் இது, அதனால்தான் யாரும் இதைத் தப்பு என்று நிரூபிக்க முடிவதில்லை. வேறொரு வீட்டில் வளர்ந்தவர் குடிக்காவிட்டால் "அவருக்குப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். பிடிக்கும் பிடிக்காது என்ற ஒன்று அவருக்கு உண்டு. சபையில் வளர்ந்த பிள்ளைக்கு மட்டும் சொந்த விருப்பம் என்று எதுவும் இருக்கக்கூடாது, எல்லாமே வளர்ப்பின் பக்கவிளைவு! இதுதான் எனக்கு இந்த விஷயத்தில் முதல் எரிச்சல்.

இதற்குச் சாட்சியாக எப்போதும் இழுத்து வரப்படுகிறவர்கள் போதகர் வீட்டுப் பிள்ளைகள். அமெரிக்கப் பாடகி கேட்டி பெர்ரியின் பெற்றோர் பெந்தெகொஸ்தே போதகர்கள். அவர் 2001-ல் கேட்டி ஹட்சன் என்ற சொந்தப் பெயரில் முதலில் வெளியிட்டது கிறிஸ்தவப் பாடல் தொகுப்பு. 2008-ல் உலகம் முழுக்கத் தெரியவந்தது ஒரு பெண்ணை முத்தமிட்டதைப் பற்றிய பாட்டால். கதைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, இல்லையா? சரி, இன்னொருவரைப் பார்ப்போம். பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கில்லட்டின் என்ற வெட்டுக்கருவியில் தன் தலையை வெட்டுவதாக மேடையில் நடித்துக் காட்டிய ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் ஒரு போதகரின் மகன். 1970-களில் குடியில் மூழ்கினார். இதுவரை நண்பர்கள் சொன்னபடியே போகிறது. அப்புறம் 1980-களில் குடியை விட்டார், விசுவாசத்துக்குத் திரும்பினார், 1976-ல் மணந்த அதே மனைவியோடுதான் இன்னும் வாழ்கிறார். பாம்பும் கில்லட்டினும் மேடையில் அப்படியே தொடர்கின்றன! இவரை எந்தப் பெட்டியில் போடுவது?

தத்துவவாதி நீட்சே லுத்தரன் போதகரின் மகன். ஜெர்மனியை 16 வருஷம் ஆண்ட ஆங்கேலா மெர்கலும் லுத்தரன் போதகரின் மகள்தான். பிரிட்டனின் பிரதமராக இருந்த தெரசா மே ஆங்கிலிக்கன் குருவானவரின் மகள். மார்ட்டின் லூதர் கிங்கின் அப்பாவும், அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அட்லாண்டாவின் எபனேசர் பாப்டிஸ்ட் சபையில் போதகர்கள். பாடகி அரீதா ஃபிராங்க்ளின் டெட்ராய்ட்டில் அப்பாவின் சபையில் பாடிப் பழகி, மதம் சாராத பாட்டுக்குப் போய்ப் பெரும் புகழ் சேர்த்து, 1972-ல் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் உட்கார்ந்து மறுபடி நற்செய்திப் பாடல்களைப் பதிவு செய்தார். இந்தப் பட்டியலிலிருந்து ஒரு விதியை யாராவது எடுத்துக் காட்டினால் நானும் தெரிந்துகொள்கிறேன். எதிர்பார்ப்புக்கு மாறாகப் போனவர்கள் மட்டும் கதையாகிறார்கள், அவ்வளவுதான். போதகரின் மகள் கணக்கர் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய், வீட்டுக் கடனை அடைத்து முடித்தாள் என்பதை யார் மெனக்கெட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? 2013-ல் பார்னா என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்கப் போதகர்களிடமே அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டது. பிள்ளை இப்போது சபையில் ஈடுபாட்டோடு இல்லை என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு. தன்னைக் கிறிஸ்தவர் என்றே சொல்லிக்கொள்வதில்லை என்றவர்கள் 7 சதவீதம். பதில் சொன்னவர்கள் பெற்றோர், அதனால் கொஞ்சம் தயவு காட்டியிருக்கலாம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் "போதகர் பிள்ளை என்றாலே தறுதலை" என்பதற்கு அருகில்கூட வரவில்லை.

கண்டிப்பு கூடக் கூடப் பிள்ளைகள் ஓடிப்போவார்கள் என்பது உண்மையானால், முதலில் காலியாகியிருக்க வேண்டியது அமெரிக்காவில் பழைய முறையிலேயே வாழ்கிற கிறிஸ்தவப் பிரிவான ஆமிஷ் சமூகம். சொந்தக் கார் கிடையாது, வீட்டுக்கு வெளிமின்சாரம் கிடையாது, படிப்பு எட்டாம் வகுப்போடு சரி; இந்தப் படிப்பு விஷயத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1972-ல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அங்கே 16 வயது வாக்கில் ரும்ஸ்ப்ரிங்கா என்று ஒரு காலம் வரும். ஞானஸ்நானம் எடுக்கும்வரை பிள்ளைகள் சபை ஒழுங்குக்கு முழுசாக உட்பட்டவர்கள் அல்ல. டிவிக்காரர்கள் இதைக் குடியும் கும்மாளமுமாகக் காட்டிக் காசு பார்த்தார்கள். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஞாயிறு மாலை ஒன்றாகக் கூடிப் பாடுவதும், பிடித்தவரோடு வண்டியில் வீடு திரும்புவதும்தான். கடைசியில் 85 சதவீதமோ அதற்கு மேலோ பேர் ஞானஸ்நானம் எடுத்து உள்ளேயே நின்றுவிடுகிறார்கள், அதுவும் அதிகக் கண்டிப்பான பிரிவுகளில் இன்னும் அதிகம் பேர். உடனே "அப்படியானால் கண்டிப்புதான் நல்லது" என்று யாரும் கிளம்ப வேண்டாம். எட்டாம் வகுப்போடு, தெரிந்த முகங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதும் அந்த 85-க்குள் இருக்கிறது. உள்ளே நிற்கிறவர் எல்லோரும் சந்தோஷமாக நிற்கிறார் என்று அர்த்தமில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: அடக்கினால் வெடிக்கும் என்ற எளிய கணக்கு மனிதர்களிடம் பலிப்பதில்லை.

இந்தப் பேச்சில் எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. "கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பம்" என்று ஒரே பெயரில் நாம் சொல்வது இரண்டு வேறு குடும்பங்களை. ஒன்று, தாங்கள் சொல்வதைத் தாங்களே வாழ்கிற குடும்பம். மற்றொன்று, சட்டங்களை மட்டும் சுவரில் மாட்டி வைத்திருக்கிற குடும்பம். சமூகவியலாளர் பிராட் வில்காக்ஸ் அமெரிக்கக் கிறிஸ்தவ அப்பாக்களைப் பற்றி 2004-ல் எழுதியதில், பழமைவாதப் புராட்டஸ்டன்ட் கணவர்களில் தவறாமல் சபைக்குப் போகிறவர்களிடம் வீட்டு வன்முறை மிகக் குறைவு, பெயருக்கு மட்டும் அந்த அடையாளத்தை வைத்திருப்பவர்களிடம் மிக அதிகம் என்று வந்தது. மத்தியில் எங்கோ இருப்பது எந்தச் சபையையும் சேராதவர்கள். அதாவது பைபிள் சொல்வதில் "கணவனே தலை" என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, "அன்புகூருங்கள்" என்ற மீதியையும் அதை வாரா வாரம் நினைவூட்டுகிற ஆட்களையும் விட்டுவிட்டவர்களிடம்தான் ஆபத்து. பதின்வயதினரைப் பற்றி மார்க் ரெக்னரஸ் 2007-ல் எழுதியதிலும் இதே வடிவம்தான் தெரிகிறது (இவருடைய 2012 ஆய்வு ஒன்று கடும் விமர்சனத்துக்கு ஆளானது, இது வேறு). எவாஞ்சலிக்கல் (பழமைவாதப் புராட்டஸ்டன்ட்) வீட்டுப் பிள்ளைகளின் கருத்துகள் கண்டிப்பானவை, ஆனால் பாலுறவு தொடங்கும் வயதில் அவர்கள் மற்ற புராட்டஸ்டன்ட் பிள்ளைகளைவிடப் பின்தங்கவில்லை, கொஞ்சம் முந்தியே இருந்தார்கள். வித்தியாசத்தை உண்டாக்கியது சபையின் பெயர் இல்லை. எவ்வளவு ஈடுபாட்டோடு இருந்தார்கள் என்பதுதான்.

விவாகரத்திலும் இப்படி ஒரு முடிச்சு. 2014-ல் ஜெனிஃபர் கிளாஸ், பிலிப் லெவ்சாக் இருவரும் பழமைவாதப் புராட்டஸ்டன்ட்கள் அதிகம் வாழும் கவுன்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) விவாகரத்தும் அதிகம் என்று காட்டினார்கள். முக்கியமான காரணம் சின்ன வயதுக் கல்யாணம், அதோடு ஒட்டி வருகிற குறைந்த படிப்பும் வருமானமும். அதைவிட ஆச்சரியம், அந்தப் பகுதியில் வாழும் மற்றவர்களுக்கும் அதே விளைவு இருந்தது. கல்யாணத்துக்கு முன் எதுவும் கூடாது என்று சொல்லி வளர்த்தால் பிள்ளைகள் கல்யாணத்தையே முன்னால் இழுத்துக்கொள்வார்கள். இதில் கலகமும் இல்லை, பயமும் இல்லை. சொன்னதைக் கேட்டு நடந்த நல்ல பிள்ளைகள்தான் இவர்கள், இருபது வயதில் எடுத்த முடிவின் பாரத்தை முப்பதில் சுமக்கிறார்கள்.

உங்கள் நண்பர்கள் நினைப்பது பெரும்பாலும் பாலுறவு விஷயத்தைத்தான், அதனால் அங்கேயே வருகிறேன். 1993-ல் அமெரிக்கத் தெற்கு பாப்டிஸ்ட் சபைகள் ஓர் இயக்கத்தைத் தொடங்கின: கல்யாணம் வரை காத்திருப்பேன் என்று பிள்ளைகள் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வருஷமே வாஷிங்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகளைப் புல்வெளியில் நட்டு வைத்துக் காட்டினார்கள். மோதிரங்கள் வந்தன, பாட்டுகள் வந்தன. 1997-ல் ஜோஷுவா ஹாரிஸ் என்ற இளைஞர் காதலிக்கப் பழகுவதையே கைவிடச் சொல்லி எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. விளைவு என்ன? பீட்டர் பியர்மன், ஹன்னா புரூக்னர் இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு, உறுதிமொழி எடுத்தவர்கள் சராசரியாக 18 மாதம் வரை தள்ளிப்போட்டார்கள் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை. பள்ளியில் உறுதிமொழி எடுத்தவர்கள் சிறுபான்மையாக இருந்தால்தான் அது வேலை செய்தது. எல்லோரும் எடுத்துவிட்டால் அதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. "நாங்கள் வேறு" என்ற பெருமைதான் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. 2009-ல் ஜேனட் ரோசன்பாம் இன்னும் கறாராகப் பார்த்தார். ஏற்கெனவே ஒரே மாதிரிக் கருத்தும் பக்தியும் உள்ள பிள்ளைகளில் உறுதிமொழி எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டார். ஐந்து வருஷம் கழித்து இரண்டு பக்கமும் பாலுறவு நடத்தையில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இருந்தது கருத்தடையிலும் ஆணுறையிலும், உறுதிமொழி எடுத்தவர்கள்தான் குறைவாகப் பயன்படுத்தியிருந்தார்கள். அதோடு, எடுத்தவர்களில் 82 சதவீதம் பேர் "நான் அப்படி ஓர் உறுதிமொழி எடுக்கவே இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள்!

இதைப் படித்தால் உங்கள் நண்பர்களும் சரி, உறுதிமொழி இயக்கத்தினரும் சரி, ஏமாந்து போக வேண்டும். கட்டவிழ்ந்து ஆடவில்லை, மற்றவர்களைப் போலத்தான் நடந்துகொண்டார்கள். பரிசுத்தமாகவும் இல்லை, மற்றவர்களைப் போலத்தான் நடந்துகொண்டார்கள். தயாராக மட்டும் இல்லை. தயாராவது என்றால் முன்கூட்டியே யோசிப்பது, முன்கூட்டியே யோசித்தால் அது திட்டமிட்ட பாவம். திடீரென்று நடந்துவிட்டால் தவறிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் முட்டாள்தனமாகத் தெரியும், உள்ளே வளர்ந்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் நன்றாகப் புரியும். ஹாரிஸ் 2018-ல் தன் புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று நிறுத்தினார், 2019-ல் தான் இப்போது கிறிஸ்தவர் இல்லை என்றும் அறிவித்தார். அவரைப் படித்து வளர்ந்தவர்களில் எத்தனையோ பேர் இன்னும் விசுவாசத்தில்தான் இருக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மதுவில் மட்டும் நண்பர்களின் பேச்சுக்குக் கொஞ்சம் பலம் உண்டு. குடியே கூடாது என்கிற சபைகளில் வளர்ந்தவர்கள் மொத்தத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே குடிக்கிறார்கள், நிறையப் பேர் தொடுவதே இல்லை. ஆனால் 1953-லேயே யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்ட்ராஸ், செல்டன் பேக்கன் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது: முழுத்தடை உள்ள மார்மன் சபை மாணவர்களில் குடிக்கிறவர்கள் குறைவு, ஆனால் அந்தக் குறைவானவர்களில் குடியால் சிக்கலில் மாட்டிக்கொள்கிறவர்களின் விகிதம் அதிகம். அளவாகக் குடிப்பது எப்படி என்று அவர்கள் வீட்டில் யாரிடமும் பார்த்துப் பழகியதில்லை. அதோடு, முதல் மடக்கிலேயே கோடு தாண்டியாயிற்று என்றால் மூன்றாவது கிளாசில் நிறுத்துவதற்கு என்ன காரணம் மிச்சமிருக்கிறது? கூடாது என்பதற்கும் எப்படியும் போகலாம் என்பதற்கும் நடுவில் ஒரு படிகூட வைக்காத வீடுகளின் பிரச்சினை இது. மதுவுக்கு மட்டும் இல்லை, பணம், தூக்கம், கோபம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இப்போது உண்மையிலேயே தங்கிப்போகிற விஷயம். நடத்தையைவிட ஆழமாகத் தங்குவது குற்ற உணர்ச்சி. சாமுவேல் பெர்ரி என்ற சமூகவியலாளர் ஆபாசப் படம் பார்ப்பதைப் பற்றிச் செய்த ஆய்வுகளில், பழமைவாதப் புராட்டஸ்டன்ட்கள் மற்றவர்களைவிடக் குறைவாகப் பார்க்கிறார்கள், ஆனால் பார்த்தவர்கள் அதற்காகப் படுகிற வேதனை மற்றவர்களைவிட மிக அதிகம். உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸும் தான் அடிமையாகிவிட்டேன் என்று ஒருவர் நினைப்பதற்கும் அவர் அதை எவ்வளவு பெரிய பாவமாகக் கருதுகிறார் என்பதற்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டியிருக்கிறார். எப்போதாவது செய்கிற ஒன்றுக்காகத் தினமும் தன்னை வெறுத்துக்கொண்டிருக்கிறவர் வெளியே யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். நண்பர்களின் இரண்டு பெட்டிகளிலும் இவருக்கு இடமில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு. பையனுக்குச் சொல்லப்படுவது "உன் கண்ணைக் காத்துக்கொள்". பெண்ணுக்குச் சொல்லப்படுவது "அவன் கண்ணைக் காப்பது உன் உடையில் இருக்கிறது, இடறலாக இருக்காதே". பன்னிரண்டு வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தால் சொந்த உடம்பு என்பது எப்போதும் யாருக்கோ ஆபத்து விளைவிக்கிற பொருளாகத்தான் தெரியும். அப்புறம் ஒருநாள் கல்யாணம். பத்துப் பதினைந்து வருஷம் "கூடாது கூடாது" என்று கேட்ட உடம்பிடம், அன்று சாயங்காலத்திலிருந்து "இது தேவன் கொடுத்த ஈவு" என்று சொன்னால் உடம்பு நம்பிவிடுமா? சிலருக்கு ஒரு பிரச்சினையும் வருவதில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது, சிலர் ஆலோசகரிடம் போகிறார்கள், பலர் யாரிடமும் சொல்வதில்லை. வெளியிலிருந்து பார்க்கிற கணவன் இதைத் தன்மேல் விருப்பமின்மை என்று எடுத்துக்கொள்கிறான். உங்கள் கேள்வியில் கவலைப்படத் தகுந்த விஷயம் ஒன்று இருக்குமானால் அது இதுதான். இதுவும் பொறுமையாகப் பேசினால் தீரக்கூடியது.

கிடைக்கிற நல்லவை பற்றி யாரும் பேசுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு பள்ளியில் ஆறு வயதில் மேடையேறி வசனம் சொன்ன பிள்ளைக்கு இருபதில் கூட்டத்தைப் பார்த்துக் கை நடுங்காது. நாலு குரலில் பாடத் தெரியும். தன் வயதுக்காரர்களோடு மட்டும் இல்லாமல் எழுபது வயதுப் பாட்டியோடும் கைக்குழந்தையோடும் ஒரே அறையில் மணிக்கணக்கில் உட்காரத் தெரியும். யாராவது செத்துப்போனால் அந்த வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். சபையை விட்டு வெளியேறிய பலர் வருஷங்கள் கழித்தும் ஏங்குவது இதற்குத்தான், உபதேசத்துக்கு அல்ல.

வெளியாட்கள் மட்டும்தான் முத்திரை குத்துகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சபைக்குள்ளேயும் ஒரு முத்திரை தயாராக இருக்கிறது: போனவன் பாவத்தை அனுபவிக்கத்தான் போனான், கல்லூரி கெடுத்துவிட்டது, விசுவாசத்திலிருந்து பின்மாறிப்போனான். இதுவும் நிற்காது. 2016-ல் பியூ ஆய்வு மையம், மதத்தில் வளர்ந்து இப்போது எந்த மதமும் இல்லை என்கிற அமெரிக்கர்களிடம் காரணம் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் நம்பிக்கை போய்விட்டது என்றார்கள். மதத்தை நடத்துகிற அமைப்புகளைப் பிடிக்கவில்லை என்றவர்கள் ஐந்தில் ஒருவர். கேள்விக்கு விடை கிடைக்காமல் போனவரிடம் போய் "எந்தப் பாவத்துக்காகப் போனாய்" என்று கேட்டால் அவர் திரும்பி வருவாரா? கல்லூரி விஷயத்தில் 2007-ல் வந்த ஆய்வு நேரெதிராகச் சொன்னது: கல்லூரிக்குப் போனவர்களைவிடப் போகாத இளைஞர்களிடம்தான் சபைக்குப் போகும் பழக்கம் அதிகமாகக் குறைந்திருந்தது.

பைபிளில் லூக்கா 15-ல் வரும் கெட்ட குமாரன் கதையைச் சபையும் சரி, வெளியாரும் சரி, சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பி வந்த இளையவன் கதையாகவே சொல்கிறார்கள். அதில் மூத்தவன் ஒருவன் இருக்கிறான். எங்கேயும் போகவில்லை, எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, வருஷக்கணக்கில் வேலை செய்துவிட்டு, தம்பிக்கு உள்ளே விருந்து நடக்கும்போது வாசலுக்கு வெளியே கோபமாக நிற்கிறான். கண்டிப்பான வீடுகளில் இப்படி எத்தனையோ மூத்தவர்கள் உண்டு. அவர்களுடைய "நல்ல வாழ்க்கை"யை யாரும் பிரச்சினையாகப் பார்ப்பதே இல்லை.

சரி, அப்படியானால் எது தீர்மானிக்கிறது? வெர்ன் பெங்ட்சன் என்ற சமூகவியலாளர் 1970-ல் தொடங்கி 35 வருஷத்துக்கு மேல் அமெரிக்காவில் 350-க்கும் அதிகமான குடும்பங்களை, ஒரே குடும்பத்தின் நாலு தலைமுறை வரை, பின்தொடர்ந்தார். பெற்றோரின் விசுவாசம் பிள்ளைகளுக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. பெற்றோர் எவ்வளவு பக்தியானவர்கள் என்பதோடு பிள்ளைகள் அவர்களை, முக்கியமாக அப்பாவை, எவ்வளவு நெருக்கமாக உணர்ந்தார்கள் என்பதும் பெரிய அளவில் தீர்மானித்தது. வெளியே முன்மாதிரி, வீட்டில் விலகியே இருக்கிறவர் என்றால் அந்த அப்பாவின் விசுவாசம் அவரோடு நின்றுவிடுகிறது. வில்காக்ஸ் 1998-ல் செய்த வேறோர் ஆய்வில் இன்னொரு முத்திரை உடைந்தது. பழமைவாதக் கிறிஸ்தவப் பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதற்கு ஆதரவானவர்கள் என்பது உண்மைதான், ஆனால் பிள்ளைகளை அணைப்பதும் பாராட்டுவதும் அவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம், கத்துவது குறைவு என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. அடிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை, எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. நாம் கற்பனை செய்கிற சிடுமூஞ்சி வீடு எல்லா இடத்திலும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே அந்தப் பெண் எவ்வளவு கண்டிப்பாக வளர்ந்தார் என்று அளந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். "வீட்டில் ஏன் என்று கேட்டால் என்ன நடக்கும்?" என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். உட்கார வைத்துப் பேசுவார்கள் என்றால் ஒரு மாதிரி, அன்றைய ஜெபத்தில் பெயர் சொல்லி அழுவார்கள் என்றால் வேறு மாதிரி. தப்பு செய்து மாட்டிக்கொண்டபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். வீட்டை விட்டுப் போன அண்ணனோ அக்காவோ இருந்தால், இப்போதும் அவர்கள் பண்டிகைக்கு வீட்டுக்கு வருகிறார்களா என்று கேளுங்கள், அந்த ஒரு பதிலில் அந்த வீட்டைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். இன்றைக்கு அவர் எதை விரும்பி வைத்திருக்கிறார், எதை விட்டுவிட்டார், எதைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை என்று கேளுங்கள். குடிப்பதில்லை என்றால் அது பயமா என்று துருவ வேண்டாம், பிடிக்காமலும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வரச் சொல்வாரா, பிள்ளைகள் பிறந்தால் அவர்களை எப்படி வளர்க்க நினைக்கிறார், இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். உங்களுக்கு மதம் எந்த அளவுக்கு முக்கியம் என்பதைக் கேள்வியில் ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லை. அதையும் அவரிடம் சொல்லியாக வேண்டும்.